வாசலில் ஒரு போர்டு

‘டூலாக்களுக்கு அனுமதி இல்லை.’

பிரசவ அறை வாசலில் அந்தப் போர்டை மாட்டியதே பெரிய டாக்டரம்மாதான். ஊசி மருந்து இருக்கும்போது, வலி வந்தவளின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு துணைக்காரி எதற்கு என்பது அவர் கட்சி.

இன்று எப்படியோ ஒரு டூலா உள்ளே வந்துவிட்டாள்.

“இங்க பாரு, இடுப்பைத் தேய்க்கிறதோட நிறுத்திக்கோ. வைத்தியத்துல மூக்கை நுழைக்காதே,” என்றார் டாக்டர்.

“மூச்சை மெதுவா விடச் சொல்லலாமா டாக்டர்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்.”

டூலா மறுபடி இடுப்பைத் தேய்த்தாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். “டாக்டர், தலை தெரியுது. திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம், இப்ப நீங்க முக்குங்க.”

டூலா மெல்ல நகர்ந்தாள். “போர்டு இருக்கே, நான் வெளிய நிக்கட்டுமா?”

கட்டிலில் கிடந்த டாக்டர் நகம் பதிய அவள் கையைப் பற்றினார்.

“போர்டைக் கழட்டிக்கலாம். கையை விட்டே, தொலைச்சுடுவேன்.”