அளவெடுக்க வந்தவர்

திரைச்சீலையை விரலகலம் விலக்கிப் பார்த்தாள் கும்சுக். பக்கத்து நூடுல்ஸ் கடை மன்ஹோ, அவளுடைய முடிதிருத்தகத்தின் முகப்பை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் திருட்டு முழி முழித்துவிட்டு, உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொண்டு நழுவினார்.

“என் கடையை இவர் எதுக்கு அளக்கணும்?” வாய்விட்டே கேட்டுவிட்டாள் கும்சுக்.

இஞ்சியோன் துறைமுகத்துப் பழைய நூற்பாலை, நவீனக் கலைக்கூடமாக மாறிப் பல வருஷங்கள் ஆகின்றன. கூட்டம் தாங்கவில்லை என்று இப்போது பக்கவாட்டில் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். ஆலைச் சுவரை ஒட்டியிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போய்விட, மிச்சம் இந்த இரண்டு கடைகள்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே கூரை. ஒருவர் விற்றால் மற்றவர் கடையும் நிற்காது. அதனால்தான் மன்ஹோ ஒரு கோப்பை சோஜு மதுவை அவள் முன்னால் வைத்து, “நீ விக்காத, நானும் விக்கமாட்டேன்” என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

முதலில் விற்கிறவருக்குப் புதுக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கடை உண்டு என்று கலைக்கூடத்தில் ஆசை காட்டியிருந்தார்கள். மற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். சத்தியத்தைவிட இந்தப் பேச்சுதான் கும்சுக்கின் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கலைக்கூடத்துப் பெண் யூரிம், மன்ஹோவின் சமையலறைக் கதவு வழியாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். தோளில் வழக்கமான பை. ஒப்பந்தத் தாளையும் சிவப்பு மைப் பெட்டியையும் அதில் போட்டுக்கொண்டு, கையெழுத்துக்குப் பதிலாக யாராவது தங்கள் முத்திரையைக் குத்தமாட்டார்களா என்று தெருவைச் சுற்றுவதுதான் அவள் வேலை.

நேரே இங்கேதான் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, நுனியை மட்டும் கொஞ்சம் வெட்டி விடுங்க.”

கத்தரியை ஓட்டிக்கொண்டே கும்சுக் தூண்டில் போட்டாள். “மன்ஹோ அண்ணன் கடையில சிரிப்பெல்லாம் பலமா இருந்துச்சே. என்ன விசேஷம்?”

“அதை நான் சொல்லக் கூடாதும்மா. சத்தியம் வாங்கியிருக்காரு. அவரே சொல்வாரு.”

“ஓஹோ! உங்ககிட்டயும் சத்தியமா? அந்த மனுஷனுக்கு இதே பொழப்பா போச்சு.”

ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்காமலே கிம்ச்சி ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தவர், கடைசியில் கழுத்தை அறுத்துவிட்டாரே! அன்று இரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

மறுநாள் காலை குழாயடியில் நின்று கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு போவேனா என்றது. சாயம் பூசிப் பிழைக்கிறவள் கையில் ஏதாவதொரு நிறம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

கதவு திறந்தது. போர்வை சுற்றிய நீளமான எதையோ தோளில் சுமந்துகொண்டு மன்ஹோ நின்றார்.

“தங்கச்சி, கொஞ்சம் வெளிய வா.”

“எதுக்கு? மிச்சத்தையும் அளக்கவா?”

மன்ஹோவின் முகம் தொங்கிப்போயிற்று. “அடடா, பாத்துட்டியா!”

“பாத்தேன். நீங்க அளந்ததையும் பாத்தேன், அந்தப் பொண்ணு பல்லைக் காட்டிட்டுப் போனதையும் பாத்தேன். வித்துட்டீங்கன்னா நேரா சொல்லிடுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.”

அவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட வேண்டுமே என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இவ்வளவு கோபத்துக்கு நடுவில் இது என்ன ஆசையோ!

மன்ஹோ போர்வையை உருவினார். உள்ளே புத்தம் புதுப் பெயர்ப் பலகை. வெள்ளையில் கருநீல எழுத்தில், ‘கும்சுக் முடிதிருத்தகம்’ என்று பளிச்சென்று இருந்தது.

“போன புயல்ல உன் பலகை பாதி பறந்துபோச்சு. அதைப் பாத்துட்டு, நீ காலி பண்ணப் போறேன்னு ஊரே பேசுது. அதான் செஞ்சேன். எழுத்துக்கு என்ன நிறம் எடுப்பா இருக்கும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். ஓவியம் தெரிஞ்சவளாச்சே! யாரோட பலகைன்னுகூட அவளுக்குச் சொல்லல. உன் காதுக்கு எட்டக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினேன்.”

கும்சுக் பலகையில் இருந்த தன் பெயரை இன்னொரு முறை படித்தாள்.

“விக்கிறவன் எவனாவது பக்கத்துக் கடைக்குப் பலகை செய்வானா? நம்மளை யாரு தங்கச்சி அசைக்க முடியும்? சுத்தியல் எங்க வச்சிருக்க, எடு.”

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று நெஞ்சு விம்மியது. ஈரக் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“அண்ணே, வந்து… நான்…”

“என்ன, நிறம் பிடிக்கலையா?”

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மூச்சிரைக்க வந்து நின்ற யூரிம், பையைத் திறந்து மைப் பெட்டியை எடுத்தாள்.

“அம்மா, நேத்து நீங்க குத்தின முத்திரை விரல் பட்டுக் கலைஞ்சிருக்கு. இன்னொரு தடவை குத்திடறீங்களா?”