காலியாகத் தெரிந்த வட்டு

ஏரிக்கரைத் துறைமுக நகரமான டுலூத்தின் வானொலி நிலையத்தில், சர்வர் அறையின் கதவுவரை ஏரியின் காலை வெளிச்சம் வந்து நிற்கிறது. விசிறிகள் இரைகின்றன. பேக்கப் சர்வரில் புது வட்டைச் செருகிவிட்டு உதவியாளன் டேல், கணினிப் பொறுப்பாளர் மார்லிஸிடம் சொல்கிறான்: “கோப்புகளைப் பேர் போட்டு அடுக்குற ஃபைல் சிஸ்டம் இதுக்கு வேண்டாங்க. பேக்கப் மென்பொருள்கிட்ட வெறும் வட்டாவே குடுத்துடலாம். பேக்கப் வேகமா முடியும், தினம் நாப்பது நிமிஷம் மிச்சம்.”

“மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப்போற? இன்னொரு டோனட்டா?”

அவன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. போன குளிர்காலத்திலும் ஒரு வட்டு இப்படி ஃபைல் சிஸ்டம் இல்லாமல்தான் சர்வரில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பது பேக்கப் மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். திரையில் பெயரில்லை, கோப்பில்லை. காலி என்று நினைத்து அதை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் அழித்தவள் மார்லிஸ்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பட்டியலைக் காலைதோறும் வானொலியில் வாசித்த ஆர்வோவின் குரல் அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. ஆர்வோ அவள் கணவர். இறந்து மூன்று வருடமாகிறது.

“ஃபைல் சிஸ்டமே போடு, டேல்.”

“மெதுவா ஓடுமே.”

“ஓடட்டும். யார் பாத்தாலும் உள்ள என்னமோ இருக்குன்னு தெரியணும்.”

அவன் தட்டுகிறான். கர்சர் துடிக்கிறது. “வட்டுல முதல் பகுதிக்கு, அதான் வால்யூமுக்கு, என்ன பேரு வைக்க?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்கிறாள். “ஆர்வோ.”

பெயர் திரையில் வருகிறது. பக்கத்தில் நூறு ஜிபி என்கிறது.

“இடம்தான் பிடிச்சு வச்சிருக்கு,” என்கிறான் டேல் மெல்ல. “உள்ள இன்னும் ஒண்ணுமில்லீங்க.”

“தெரியும்,” என்றபடி அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.