பதினேழாம் பெட்டி

இதை எனக்கு முதலில் சொன்னது லூட்சா. போன தவக்காலத்தில், எங்கள் தீவின் மலையில் சிலுவைப்பாதை முடிந்து இறங்கும்போது சொன்னாள்.

அதற்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து லூட்சா வீட்டுக்கு வந்தபோது, அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள் யாத்ராங்கா.

"நாப்பது பெட்டியைக் கெடுத்தது போதாதா? என் வீட்டு நெட்டையும் திருட வந்துட்டியா?"

"ரெண்டு நிமிஷம் அக்கா. பையன் கப்பல்லேர்ந்து கூப்பிடுற நேரம். இன்னிக்கு விட்டா அடுத்த துறைமுகத்துலதான்."

லூட்சாவுக்கு மனம் இளகவில்லை. ஊரில் யாருக்குத்தான் இளகும்?

மூடிப்போன ஹோட்டல் ஒன்று நாற்பது பழைய வைஃபை பெட்டிகளை எங்கள் தேவாலயப் பங்குக்குத் தானமாகத் தந்தது. மென்பொருளை மாற்றி வீட்டுக்கு ஒன்றாக மாட்டினால் தீவு முழுக்க இலவச நெட். பொறுப்பு பள்ளிக்கூட ஆசிரியர் திஹோமிருக்கு. கைவேலை யாத்ராங்காவுக்கு. அவள் அந்த ஹோட்டலில் துணி துவைத்தவள்.

மாட்டினார்கள். ஒரு பெட்டியின் சிக்னலும் பக்கத்து அறையைத் தாண்டவில்லை.

பத்து நாள் கழித்துப் பங்கு மண்டபத்தில் திஹோமிர் விளக்கினார்.

"ஒவ்வொரு பெட்டியோட ரேடியோவுலயும் சின்னச் சின்ன கோளாறு இருக்கும். தொழிற்சாலையிலயே சோதிச்சு, அதுக்கான திருத்தத்தை அந்தப் பெட்டிக்குள்ளயே ஒரு மூலையில எழுதி வச்சிடுவாங்க. சுவிட்சைப் போட்டதும் ரேடியோவை ஓட்டுற மென்பொருள் முதல்ல அதைத்தான் தேடிப் படிக்கும். கண்ணுக்கேத்த கண்ணாடி மாதிரி. யாத்ராங்கா என்ன பண்ணிட்டாங்க, ஒண்ணாம் பெட்டியோடதையே எல்லாத்துலயும் ஏத்திட்டாங்க. நாப்பது பேருக்கும் ஒரே ஆளோட கண்ணாடி."

மண்டபம் சிரித்தது.

"விடுங்க, படிக்காதவங்க. நான் மூணு நாள் உக்காந்து எல்லாத்தையும் மீட்டுட்டேன். மன்னிச்சிடுவோம்."

கைதட்டினார்கள். லூட்சாவும் தட்டினாள். அத்திப்பழக் கேக்கில் முதல் துண்டு அவருக்கு.

கதவோரம் நின்ற யாத்ராங்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "பதினேழாம் பெட்டி?"

"அதுவும்தான்" என்றார், கேக்கைப் பார்த்தபடி.

அந்த ஞாயிறு, சுவரோரம் நின்றவளிடம், "உன் வீட்லயும்தான் ஒண்ணு மாட்டியிருக்கே. அங்க நின்னு பேசறது?" என்றாள் லூட்சா.

"அங்க வராதுக்கா."

"எல்லாருக்கும் வருது, உனக்கு வராதா? சார்தான் மீட்டுட்டாரே."

"அழிஞ்சதை யாராலயும் மீட்க முடியாது. முன்னாடியே எடுத்து வச்சிருந்தாத்தான் உண்டு."

"அப்ப அவர் எடுத்து வச்சிருந்தாரு."

யாத்ராங்கா போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஒவ்வொண்ணா எடுத்து வச்சா ஒரு வாரம் ஆகும், ஒரு பெட்டியை அப்படியே எல்லாத்துக்கும் நகல் போடுன்னாரு. துணி துவைக்கிறவளுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னாரு. எனக்கு மனசு கேக்கல. நாப்பது அறை விரிப்பையும் நம்பர் தச்சு, ஒண்ணோட ஒண்ணு கலக்காம துவைச்சவ நான். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல ஒவ்வொரு பெட்டியோடதையும் எடுத்து நம்பர் போட்டு வச்சுக்கிட்டேன். கெட்டுப்போச்சுன்னதும் அவர் கையிலதான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

லூட்சா கேட்டாள்: "அன்னிக்கு மண்டபத்துல ஏண்டி சொல்லல?"

"அவர் சொல்வாருன்னு நின்னேன்."

போன் ஒரு தடவை மினுங்கி அடங்கியது. யாத்ராங்கா சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"அந்தப் பதினேழு என்ன கணக்கு?"

"நான் எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி, முதல் நாளே, அதை மட்டும் சோதனைன்னு அவரே அழிச்சிட்டாரு. அதோடது என்கிட்டயும் இல்ல, யார்கிட்டயும் இல்ல."

"அப்ப அது இப்ப யார் வீட்ல இருக்கு?"

"சரி பண்ணின பெட்டியெல்லாம் அவரே கொண்டுவந்து மாட்டினாரு இல்ல? எங்க வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தாரு."

ஞாயிறு பூசைக்குப் பிறகு உங்கள் வீட்டுச் சுவரோரம் அவள் வந்து நின்றால், ஒரு நாற்காலி போடுங்கள்.