பிடித்துவைத்த தாள்

பூங்கோதை நடத்தும் ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பழைய பிரிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கம்ப்யூட்டரைப் புதுப் பதிப்புக்கு மாற்ற அவள் உட்கார்ந்த அன்று பிரிண்டர் பயந்துபோனது. புதுப் பதிப்பு பழைய பிரிண்டர்களைக் கண்டுகொள்ளாது என்று அது கேள்விப்பட்டிருந்தது.

“மாறினப்புறம் என்னைத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டது.

“இத்தனை வருஷப் பழக்கம், மறப்பேனா?” என்றது கம்ப்யூட்டர்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு திருதிருவென்று விழித்தது.

“நான்தாம்ப்பா, பக்கத்துல இருக்கேன்” என்றது பிரிண்டர்.

“யாரு நீ?”

பூங்கோதை பென் டிரைவைச் செருகி, பழைய பதிப்பையே திரும்ப ஏற்றத் தொடங்கினாள். வந்தவர்கள் முணுமுணுத்தபடி காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோரையும்விட ஏக்கத்தோடு காத்திருந்தது பிரிண்டர்தான்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் எழுந்தது. “அட, நீயா! தாள் இருக்கா?”

இருக்காவா! பிரிண்டர் சந்தோஷத்தில் மடமடவென்று அடித்துத் தள்ளியது.

கடைசித் தாளின்போது கம்ப்யூட்டர் மெல்லச் சொன்னது: “கொஞ்ச நேரம்தான் அங்கே இருந்தேன். என்ன வெளிச்சம் தெரியுமா!”

உடனே திரையின் மூலையில் ஒரு கேள்வி வந்து நின்றது: ‘புதுப் பதிப்புக்கு மாற மறுபடி முயலலாமா?’

பூங்கோதை ‘நாளை’ என்பதை அழுத்திவிட்டு, தாளுக்குக் கை நீட்டினாள். பிரிண்டர் அதைப் பாதியில் இறுகப் பிடித்துக்கொண்டது. இழுத்தும் விடவில்லை.

“இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்தே, திடீர்னு என்ன ஆச்சு உனக்கு?” என்று அதன் தலையில் தட்டினாள்.