நீல உப்பு

கரை கண்ணில் படும்போதே படகின் பழைய மோட்டார் மறுபடியும் திணறுகிறது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு வேகம் தானாகக் குறையும், சற்று நிறுத்தி வைத்தால் திரும்ப ஓடும். மூன்று நாளாக இதே கதை. கார்புரேட்டரைக் கழுவி மாட்டிய மைத்துனனின் கைதான் காரணமென்று படகுக்காரர் துறை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்த மைத்துனன் இப்போது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி எதிரே குந்தியிருக்கிறான். பெட்ரோல் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழைத் தொடுகிறான், சப்பையாகக் கிடக்கிறது. டேங்க் மூடியைத் திருகுகிறான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய, குமிழ் உப்புகிறது, மோட்டார் செருமிக்கொண்டு வேகமெடுக்கிறது. மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறான். பெட்ரோல் ஓடுவதற்குக் காற்று உள்ளே போகவேண்டிய ஊசித்துளையை நீலப் பெயின்ட் மூடியிருக்கிறது. போன வாரம் டேங்குக்குப் பெயின்ட் அடித்தவர் படகுக்காரர்தான். அவருக்குக் காதோரம் சுடுகிறது. கம்பியால் சுரண்டியவன் நீலத் துணுக்குகளை விரலால் தண்ணீரில் தட்டிவிடுகிறான். “உப்பு அடைச்சிருக்கு அத்தான்,” என்கிறான், முகத்தைப் பார்க்காமல். படகுக்காரர் தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளைப் பார்க்கிறார். “நீல உப்பை நான் பார்த்ததே இல்ல மாப்ள.” மோட்டாரைத் திருப்பும் கைப்பிடியை விட்டு எழுந்து அவன் தோளைப் பிடித்து அந்த இடத்தில் உட்காரவைக்கிறார். “துறைக்குள்ள நீயே ஓட்டிட்டுப் போ. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க.”