மடித்துக் கொடுத்த பக்கம்

தட்டத் தட்ட மாவு ஓரமெல்லாம் வெடித்தது.

ஷைனி கையைக் கழுவிக்கொண்டு, நோட்டில் புருஷன் டெரிக் மடித்துக் கொடுத்திருந்த பக்கத்தின் மேல் போனைப் பிடித்தாள். ஸ்பானிஷ் மறைந்து தமிழ் வந்தது. மாவு வெடித்தால் உள்ளங்கையை நனைத்துக்கொள், பயப்படாதே என்று இருந்தது.

நனைத்துக்கொண்டாள். வெடிக்கவில்லை.

காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோல் கழன்றதும் அலசி அரைத்து, நடுவில் சிவப்பு பீன்ஸும் சீஸும் வைத்து மூடித் தட்டுகிற ரொட்டி. புப்புசாவாம். சுண்ணாம்பு மாமியாரின் வெற்றிலை டப்பாவிலிருந்து எடுத்தது. ராயபுரத்தில் வேறெந்த வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படியொரு கூத்து நடந்திருக்காது.

நாலு வருடத்துக்கு முன் முதலாளி கைவிட்ட கப்பலோடு டெரிக் எல் சால்வடோர் துறைமுகத்தில் பதினொரு மாதம் மாட்டிக்கொண்டான். அந்தப் பதினொரு மாதமும் ஷைனி செவ்வாய் தவறாமல் அந்தோணியார் கோவிலுக்கு வெறுங்காலில் நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்றினாள். ஒரு வேளைதான் சாப்பிட்டாள்.

கப்பல் சமையல்காரன் அந்த ஊர்க்காரன், அவன்தான் சோறு போட்டுக் காப்பாற்றினான் என்று வந்து சொன்னான் டெரிக். போன கான்ட்ராக்டிலும் கப்பல் அந்தப் பக்கம் போயிற்று. வரும்போது இந்த நோட்டோடு வந்தான். சமையல்காரன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வரும் கைப்பக்குவமாம்.

முகம் தெரியாத அந்த ஆளுக்கு ஷைனியின் ஜெபத்தில் அன்றிலிருந்தே ஒரு இடம் உண்டு. கையெழுத்துகூடக் கோலம் போட்ட மாதிரி அவ்வளவு அழகு.

"பின்னால காலியா கீற பக்கத்துல நம்ம வூட்டு வைத்தியமும் எழுதிக் குடு. கொயந்தைங்களுக்குக் குடுக்குறதா பாத்து எழுது. குக்கு கேட்டான்" என்றான் டெரிக்.

எழுதினாள். சளிக்கு ஓமவல்லி, வயிற்று வலிக்கு வசம்பு, பிறந்த குழந்தைக்கு உரைமருந்து. தன் அம்மா வீட்டு வஞ்சிரக் குழம்பையும் சேர்த்து நாலு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"இன்னாமே, கஷாயம் குட்ச்சியா?" கூடத்திலிருந்து மாமியார் சிலுவையம்மாளின் குரல்.

"குட்ச்சிட்டேன் அத்த."

மலைவேம்பும் அசோகப்பட்டையும். இந்த வீட்டிலும் பரம்பரை மருந்துக்குப் பஞ்சமில்லை. மாமியாரின் மாமியார் இதைக் குடித்துத்தான் ஏழு பெற்றாளாம். ஷைனி ஒன்பது வருடமாகக் குடிக்கிறாள். நாக்கு கசந்து மரத்துப்போனதுதான் மிச்சம்.

மூத்த பெண்பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவளின் பேர் வைப்பது இந்தக் குடும்பத்து வழக்கம். தன் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு பிள்ளை இல்லாமலே கண்ணை மூடிவிடுவோமோ என்று சிலுவையம்மாளுக்குப் பயம். அந்தப் பயம் வாய்க்கு வரும்போது வசவாக வந்துவிடும்.

ஷைனிக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது. உன்னிடம் பெரிதாகக் குறை தெரியவில்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வா என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இந்த லீவிலாவது வருவான் என்று நம்பினாள். நேற்றும் கேட்டாள். அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனுக்கு ஒரு கொறையும் கெடையாது. அது எனுக்குத் தெரியும்."

ஆம்பளைத் திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்லில் கடைசி ரொட்டி ஒரு பக்கம் வேக நேரம் இருந்தது. சும்மா மற்ற பக்கங்களைப் புரட்டிப் போனைக் காட்டினாள். அங்கும் கைவைத்தியம்தான். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கோழி சூப், காதில் பஞ்சு. கண்பட்ட குழந்தைக்கு முட்டையால் உடம்பெல்லாம் தடவி, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

ஷைனிக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் கடலைத் தாண்டினாலும் பொம்பளைங்க பாடு ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்குப் பிறந்தால் இந்தச் சிவப்புக் கயிற்றையும் கட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

பின்னட்டையின் உட்பக்கம் நாலைந்து வரிகள் இருந்தன. அதையும் போனில் காட்டினாள்.

என் பாட்டி கொன்செப்சியோன் தன் மகள் மார்த்தாவுக்குக் கொடுத்தது. மார்த்தா தன் மகள் யெசெனியாவுக்கு, அதாவது எனக்குக் கொடுத்தது. இது என் மூன்று வயது மகளுக்கு. மிச்சப் பக்கங்களை அவள் அப்பா தன் ஊர்க் கைப்பக்குவத்தால் நிரப்பிக் கொண்டுவருவார்.

அடியில் மகளின் பெயர். அதைப் போனால் மாற்ற முடியவில்லை, இங்கிலீஷ் எழுத்திலேயே விட்டுவைத்திருந்தது. ஷைனிக்கு அதைப் படிக்கப் போன் தேவைப்படவில்லை.

அவள் ஏற்றிய மெழுகுவத்திகள் அத்தனையும் இப்போது வயிற்றுக்குள் எரிந்தன.

எனுக்குத் தெரியும் என்றான். தெரியாமல் என்ன?

கல்லில் ரொட்டி கருகிய வாசனை வந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, நல்லதாக நாலை எடுத்து இரண்டு தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

டெரிக் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"அப்டியே அதே டேஸ்ட்டு" என்றான்.

ஷைனி இன்னொரு தட்டை மாமியார் முன்னால் வைத்தாள்.

"சந்தோசமா சாப்புடுங்க அத்த. ஒங்க பேரு வெச்சாச்சு."