ரயிலடி வீடு

அரியலூர் ரயிலடித் தெருவில் பகல் தூக்கத்தின் விலை மாதம் ஆயிரம் ரூபாய். வாடகையில் அதைத்தான் வீட்டுக்காரர் பிச்சைமுத்து குறைத்திருக்கிறார். ரயில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவர் வீடு காட்டுவது வழக்கம். இன்று ரயில் தாமதம். இரவுப்பணி முடிந்த கண்ணெரிச்சலோடு நர்ஸ் சகாய பிரியா சாவிக்குக் கை நீட்டும்போது ஜன்னல் கம்பிகள் கிடுகிடுக்கின்றன, உள்ளங்கையில் சுண்ணாம்புத்தூள் உதிர்கிறது. “என்னங்க சத்தம்?” “பக்கத்து வூட்டு மிக்சிம்மா.” “மிக்சிக்கு ஹாரன் வச்சிருக்காங்களா?” பிச்சைமுத்து அசராமல் சிரிக்கிறார். “பழகிடும்மா. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்ல?” அவள் சாவியை வாங்கவுமில்லை, கையை மடக்கவுமில்லை. இப்போது குடியிருக்கும் பெரம்பலூரிலிருந்தே வேலைக்கு வந்துபோனால் பஸ் தின்னும் தூக்கம் இங்கே மிச்சம். அந்த மிச்சத்தை ரயில் தின்றுவிடும். வரவும் தூக்கம், செலவும் தூக்கம். மீதி எவ்வளவு என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.